பசுவுக்கு வந்த குளிர் மனிதனுக்கு வராதா?

வருஷநாட்டு மலையடிவாரத்தில் மயிலாடும்பாறைக்கு அருகிலுள்ள சிற்றூர் ஒன்றிலிருந்து பெரியவர் ஒருவர் சில வாரங்களுக்கு முன் நமது காரியாலயத்திற்கு வந்திருந்தார். இலவம் பஞ்சு விற்றுப் பிழைக்கும் குடியானவர். அவருடைய மகளுக்கு இருபது வயது. தரையில் உட்கார்ந்தால் கையைத் தொடையில் ஊன்றாமல் எழ முடிவதில்லை. தலைக்கு மேல் குடத்தைத் தூக்க முடிவதில்லை. வியாதி தசையில் இருக்கிறதென்று வைத்தியர்கள் ஊகித்தார்கள். இரத்தத்தைக் கொண்டு செய்த மரபணுச் சோதனையில் திட்டமான முடிவு கிட்டவில்லை. ஆகவே ஒரு நகரத்திலுள்ள தனியார் வைத்தியசாலையில் அப்பெண்ணின் தொடையிலிருந்து ஒரு சிறு துண்டுத் தசையை வெட்டி எடுத்து, வழக்கம்போல் பார்மலின் திரவத்தில் இட்டு, தூரத்திலுள்ள பெரிய பரிசோதனைச்சாலை ஒன்றிற்கு அனுப்பினார்கள். அங்கிருந்து வந்த பதில் இரண்டே வரி: தசை பார்மலினில் வந்திருப்பதால் நொதிச் சோதனைகள் செய்ய இயலாது; புதிதாக எடுத்து உறைய வைத்து அனுப்புக.

"ஐயா, கெட்டுப் போகாம இருக்கத்தான மருந்துல போட்டோம்னு சொன்னாங்க. இப்ப மருந்துல போட்டதாலதான் கெட்டுப் போச்சுன்னு சொல்றாங்க. எதை ஐயா நான் நம்புறது?" என்று அவர் கேட்டார்.

நியாயமான கேள்வி. அவருக்கு அன்று நாம் சொன்ன பதிலைச் சற்று விரித்து, நமது வாசகர்களுக்கும், ஸர்க்காரை நடத்தும் கனவான்களுக்கும் சொல்வது அவசியமென்று கருதுகிறோம்.

நாம் வக்கீல் தொழிலில் பழகியவர்கள். நோயாளியின் உடலிலிருந்து எடுக்கப்படும் சிறு சதைத் துணுக்கு, வழக்கில் அழைக்கப்படும் சாட்சியைப் போன்றது. பார்மலின் அந்தச் சாட்சியை அழுகாமல் காப்பாற்றுகிறது; ஆனால் அவன் நாவைக் கட்டிவிடுகிறது. அவன் உருவம், உடை, உயரம் எல்லாம் அப்படியே இருக்கும். பெரும்பாலான வழக்குகளுக்கு அது போதும். கட்டி புற்றா அல்லவா, க்ஷய ரோகத்தின் சுவடு உண்டா என்பவற்றையெல்லாம் பார்மலினில் ஊறி மெழுகில் பதிந்த துணுக்கே நன்றாகச் சொல்லிவிடுகிறது. ஆனால் தசை வியாதி போன்ற சிலவற்றில் உருவம் மட்டும் போதாது. இந்த நொதி வேலை செய்கிறதா, அந்தப் புரதம் உயிரணுவின் சுவரில் இருக்கிறதா என்று சாட்சியை வாய் திறந்து பேசவைக்க வேண்டும். பார்மலின் புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து இறுக்குவதால் நொதிகள் செயலற்றுப் போகின்றன. பிறகு எந்த நிபுணர் வந்தாலும் அவற்றை எழுப்ப முடியாது. பேசும் நிலையிலேயே சாட்சியை நிறுத்தி வைக்க வல்லது குளிர் ஒன்றுதான்.

குளிர் என்றவுடன் வீட்டுக் குளிர்ப்பெட்டியை நினைத்துவிடக் கூடாது. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையை எல்லோரும் அறிவோம். அதில் ஒரு கொத்தைக் குளிர்ப்பெட்டியின் பனியறையில் ஓர் இரவு வைத்து, மறுநாள் எடுத்து வெளியில் வைத்துப் பாருங்கள். தோல் தொளதொளத்து, சதை கூழாகிச் சாறு வடியும். நீர் உறையும்போது ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்பது பங்கு பருமன் கூடுகிறது. மெதுவாக உறைந்தால் பனி பெரும் ஊசிகளாக வளர்ந்து உயிரணுக்களைக் கிழிக்கிறது. தசைத் துணுக்குக்கும் கதி இதுவே. அதை மெதுவாக உறையவிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், ஒவ்வொரு இழையிலும் ஓட்டை ஓட்டையாகத் தெரியும். வியாதி செய்த ஓட்டை எது, பனி செய்த ஓட்டை எது என்று பிரித்தறிய வழியில்லை. ஆகையால் பனி ஊசி வளர அவகாசமே தராமல், சில நொடிகளில் துணுக்கை உறையச் செய்ய வேண்டும். வித்தை முழுவதும் அந்த வேகத்தில்தான் இருக்கிறது.

இதற்குத் திரவ நைட்ரஜன் வேண்டும். அதன் குளிர் சூனியத்திற்குக் கீழ் 196 டிகிரி. ஆனால் துணுக்கை நேராக அதற்குள் போட்டால் காரியம் கெடும். காய்ந்த தோசைக்கல்லில் தெளித்த நீர்த்துளி உடனே வற்றாமல் உருண்டோடுவதை நம் வீட்டுப் பெண்மக்கள் நாள்தோறும் பார்க்கிறார்கள். கல்லுக்கும் துளிக்கும் நடுவே ஆவி ஒரு மெத்தைபோல் நின்று சூட்டைத் தடுக்கிறது. இதை லைடன்ஃப்ராஸ்ட் என்ற ஜெர்மானிய வைத்தியர் 1756-ல் எழுதி வைத்தார். வெதுவெதுப்பான சதை நைட்ரஜனில் விழும்போதும் இதே மெத்தை உண்டாகிறது. அங்கே அது குளிரைத் தடுக்கிறது. வெளியில் கொதித்துப் புகைந்து பார்ப்பவரை மிரட்டும். உள்ளே துணுக்கு மெதுவாகத்தான் உறையும். ஆகவே ஐஸோபெண்டேன் என்ற திரவத்தை ஒரு சிறு எஃகுக் கிண்ணத்தில் ஊற்றி, அந்தக் கிண்ணத்தை நைட்ரஜனில் இறக்கிக் குளிர வைக்கிறார்கள். அது சூனியத்திற்குக் கீழ் 160 டிகிரியில்தான் உறையத் தொடங்கும். கிண்ணத்தின் அடியில் வெள்ளை மணிகள் படியத் தொடங்கினால் பதம் வந்தது என்று பொருள். துணுக்கை அதில் அமிழ்த்திப் பத்துப் பதினைந்து நொடி பிடித்தால் போதும். ஐஸோபெண்டேன் கிடைக்காத இடத்தில், சதையின் மேல் மெல்லிய முகப்பவுடர் மாவைத் தூவி நேரே நைட்ரஜனில் இடும் முறையும் உண்டு. மாவு அந்த ஆவி மெத்தையைக் கலைத்துவிடுகிறது. செலவில்லாத யுக்தி.

துணுக்கு எவ்வளவு சிறியதோ அவ்வளவு கவனம் வேண்டும். ஊசியால் எடுத்த சதை நூல் கனமே இருக்கும். காய்ந்த துணியில் வைத்தால் அதன் ஈரம் உறிஞ்சப்பட்டுச் சருகாகிவிடும். உப்பு நீரில் மிதக்கவிட்டாலோ, குடித்த நீரெல்லாம் உறையும்போது பனி ஊசியாகும். உப்பு நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியில் சுற்றி, மூடிய சிமிழில் இட்டு, அச்சிமிழைப் பனிக்கட்டியின் மேல் வைத்து, தாமதமின்றிக் கொண்டுபோக வேண்டும். பிறகு தக்கைத் துண்டின் மேல் சிறிது பசையிட்டு, தசை இழைகள் செங்குத்தாக நிற்கும்படி நிறுத்தி உறைய வைக்க வேண்டும். படுத்துவிட்டால் குறுக்கு வெட்டு கிடைக்காது. உறைந்த துணுக்கை 80 டிகிரி குளிர்ப்பெட்டியில் காற்றுப் புகாமல் மூடி வைக்காவிட்டால், நாளடைவில் பனியே ஆவியாகித் துணுக்கு வறண்டு போகும். அப்பால், கிரையோஸ்டாட் என்னும் குளிரறை யந்திரத்தில் 20, 25 டிகிரிக் குளிரில், ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு கனத்திற்குச் சீவிச் சாயமேற்றுகிறார்கள்.

இந்த வித்தை புதியதன்று. 1905-ஆம் ஆண்டு ஜனவரி மாதம், அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரத்து மேயோ வைத்தியசாலையில், ரண சிகிச்சை மேஜையில் நோயாளி படுத்திருக்கும்போதே கட்டி புற்றா அல்லவா என்று சொல்ல வழியுண்டா என்று ரண சிகிச்சை நிபுணர் மேயோ கேட்டார். லூயிஸ் வில்ஸன் என்ற ஆராய்ச்சியாளர் துணுக்கை ஜன்னலுக்கு வெளியே வைத்தார். அவ்வூர்க் குளிர் அதை உறைய வைத்துவிட்டது. சீவி, நீலச் சாயமிட்டு, சில நிமிஷங்களில் விடை சொன்னார். கிரையோஸ்டாட்டை 1938-ல் கோபன்ஹேகன் நகரத்துக் கார்ல்ஸ்பெர்க் பரிசோதனைச்சாலையில் லிண்டர்ஸ்ட்ராம்-லாங் என்பவரும் அவர் தோழரும் அமைத்தார்கள். அவர்களுக்கெல்லாம் குளிர் ஜன்னலுக்கு வெளியே இனாமாகக் கிடைத்தது. நமக்குச் சித்திரை மாதத்து ஆண்டிபட்டி வெயில்தான் இனாம். ஐஸோபெண்டேன் 28 டிகிரியிலேயே கொதிப்பது. தேனி ஜில்லாவின் கோடையில் புட்டியைத் திறந்து வைத்தால் திரவம் பறந்துவிடும். எளிதில் தீயும் பிடிக்கும். தக்க குளிர்ப்பெட்டியில், பொறி பறக்காத இடத்தில் அதைப் பத்திரப்படுத்த வேண்டும்.

நிற்க. இவ்வளவு கடுங்குளிர் கிராமத்துக்கு எப்படி வரும் என்று சிலர் நகைக்கக்கூடும். அது வந்து வெகு காலமாகிறது என்பதே நமது பதில். பசுவுக்குச் சினை ஊசி போடுகிறவர் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வரும் குடுவையைத் திறந்து பார்த்தவர்கள் நம்மில் பலர். வெள்ளைப் புகை எழும் அந்தக் குடுவைக்குள் இருப்பது இதே திரவ நைட்ரஜன். 196 டிகிரி என்ற கணக்கும் அதுவே. உதகமண்டலம் முதலிய இடங்களில் ஸர்க்கார் பண்ணைகளில் தயாராகும் உறைவிந்துக் குச்சிகள், கால் மில்லிலிட்டர் கொண்டவை, ஒரு விநாடியும் குளிர் தவறாமல் தமிழ்நாட்டின் கால்நடை மருந்தகங்கள்தோறும் வந்து சேருகின்றன. நைட்ரஜன் ஆவியாகிக் குறையக் குறைய நாள் பார்த்து நிரப்புகிறார்கள். நிரப்பத் தவறினால் குச்சிகள் வீணாகும், பசு சினை பிடிக்காது, குடியானவன் சண்டைக்கு வருவான். ஆகையால் தவறுவதில்லை. இத்தனைக்கும் விந்தணு உயிரோடு மீள வேண்டியது. மைக்ராஸ்கோப்புக்குப் போகும் தசைத் துணுக்கு உயிரோடு மீள வேண்டியதில்லை, உருவும் ரஸாயனமும் கலையாமலிருந்தால் போதும். இந்தச் சிறு காரியத்தையா நம்மால் செய்ய முடியாது?

கால்நடை இலாகாவை நாம் குறை கூறவில்லை, மனமாரப் பாராட்டுகிறோம். ஒரு ஸர்க்கார் இலாகா மனம் வைத்தால் மலைக்காட்டு மாட்டுத் தொழுவம் வரையில் கடுங்குளிரைக் கொண்டுபோக முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. குழந்தைகளின் போலியோ சொட்டு மருந்தும் அவ்வாறே குளிர்ப் பெட்டிகளில் ஊர் ஊராக வந்தது. இந்தியாவில் அவ்வியாதியின் கடைசிச் சம்பவம் 2011 ஜனவரியில் காணப்பட்டது. 2014-ல் நாடு அதிலிருந்து விடுபட்டதாகச் சான்றும் பெற்றது. வெயில் நாடு, ஏழை நாடு என்ற சாக்குகள் அன்று எங்கே போயின?

மயிலாடும்பாறையிலிருந்து கடமலைக்குண்டு, கண்டமனூர் வழியாகப் பஸ்ஸில் வருகிறவன் பெருஞ்சாலையைத் தொடும் இடம் க.விலக்கு. அங்கே 2004-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட ஸர்க்கார் மருத்துவக் கல்லூரியும் அதன் வைத்தியசாலையும் நிற்கின்றன. அதே ஜில்லாவில் 2020-ல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் தொடங்கப்பட்டது. மலையிலிருந்து இறங்கும் நோயாளியின் பாதை தானாகவே ஒரு கல்லூரியின் வாசலில் வந்து முடிகிறது என்பது எத்தனை ஜில்லாக்களுக்கு வாய்த்த பாக்கியம்! ஆனால் இங்கே நாம் சொல்வது தேனிக்கு மட்டுமன்று. தமிழ்நாட்டின் ஒவ்வொரு ஜில்லாவின் ஸர்க்கார் மருத்துவக் கல்லூரிக்கும், அதனினும் மேலாகச் சிறு நகரங்களில் பயாப்ஸி எடுக்கும் ஒவ்வொரு தனியார் வைத்தியசாலைக்கும் பொருந்தும்.

இதில் அதிகாரிகள் பலரும் செய்யும் பிழை ஒன்றுண்டு. உறைய வைப்பதையும் சீவிப் பார்ப்பதையும் ஒரே காரியமாக எண்ணி, 'கிரையோஸ்டாட் யந்திரம் வேண்டும், நிபுணர் வேண்டும், நொதிச் சாயங்கள் வேண்டும், ஆகவே நம்மால் ஆகாது' என்று கோப்பை மூடிவிடுகிறார்கள். இரண்டும் வேறு வேறு. சீவவும், சாயமேற்றவும், பார்த்துத் தீர்ப்புச் சொல்லவும் பெரிய இடங்கள் இருக்கின்றன. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் பெங்களூர் நிம்ஹான்ஸ் ஸ்தாபனமும் தசைப் பரிசோதனையில் பேர் பெற்றவை. துணுக்கு ஒழுங்காக உறைந்துவிட்டால் பிறகு அவசரமில்லை. உலர் பனிக்கட்டியிலோ, நைட்ரஜனை உறிஞ்சி வைத்த பிரயாணக் குடுவையிலோ அடுத்த வாரமும் அனுப்பலாம். உறைய வைக்கும் முதல் ஒரு மணி நேரம் மட்டும், வெட்டி எடுத்த ஊரிலேயே நடந்தாக வேண்டும். அதற்கு வேண்டியது ஒரு நைட்ரஜன் குடுவை, எஃகுக் கிண்ணம், ஐஸோபெண்டேன், தக்கை, பசை, நீண்ட இடுக்கி, கையுறை, பழகிய ஒரு டெக்னிஷியன். ஒரு ஸ்கேன் யந்திரத்தின் விலையைக் கேட்டவர்களுக்கு இந்தச் செலவு கண்ணுக்கே தெரியாது. ஜன்னல் திறந்த அறை மட்டும் மறக்கக் கூடாது. ஒரு லிட்டர் நைட்ரஜன் சுமார் 700 லிட்டர் வாயுவாக விரிந்து, மூடிய அறையில் மூச்சுக்காற்றை விரட்டிவிடும்.

இவை எல்லாவற்றிற்கும் முன்னதாக வேண்டியது, செலவே இல்லாத ஒரு காரியம்: கத்தி வைப்பதற்கு முன் ரண சிகிச்சை வைத்தியர் பரிசோதனைச்சாலையைக் கேட்பது. 'இன்ன சந்தேகம், இன்ன துணுக்கு எடுக்கிறேன், எதில் அனுப்பட்டும்?' என்ற ஒரு டெலிபோன் பேச்சு அந்தப் பெண்ணின் தொடையில் இரண்டாம் வடுவைத் தவிர்த்திருக்கும். நாம் விசாரித்த வரையில், அவ்வாறு கேட்கும் பழக்கம் பல இடங்களில் வேரூன்றவில்லை. துணுக்கு எடுத்ததும் நர்ஸின் கை தன்னால் பார்மலின் புட்டிக்குப் போகிறது. நூற்றுக்குத் தொண்ணூறு சமயங்களில் அது சரியாகவும் இருப்பதால், மீதிப் பத்தைப் பற்றி ஒருவரும் நினைப்பதில்லை.

அந்த மீதியில் தசை மட்டுமா இருக்கிறது? சிறுநீரகத்திலிருந்து ஊசியால் எடுக்கும் நூலில் ஒரு பகுதியைப் பார்மலினுக்குத் தராமல் ஒதுக்க வேண்டும். எதிர்ப்புப் புரதங்கள் எங்கே படிந்திருக்கின்றன என்பதை ஒளிரும் சாயத்தால் காண அது தேவை. கொப்புளம் வரும் சரும வியாதிகளுக்கும் அதுவே விதி. இவ்விரண்டுக்கும் மிஷெல் திரவம் என்ற ஒன்று உண்டு. அதிலிட்டு உறைய வைக்காமலே சில நாள் அனுப்பலாம். தசையின் நொதிகளுக்கு அந்தச் சலுகை இல்லை. பிறந்த குழந்தை மலம் கழிக்க முடியாமல் வயிறு வீங்கும் ஹிர்ஷ்ஸ்ப்ரங் வியாதியில், ஆசனவாய்க்கு மேலிருந்து எடுக்கும் கடுகளவுத் துணுக்கை உறைய வைத்து நொதிச் சாயமிட்டுப் பார்ப்பது முக்கியமான சோதனைகளுள் ஒன்று. கடுகளவு என்பது அலங்காரமன்று. ஏறக்குறைய அவ்வளவே கிடைக்கும். அதை வீணாக்கினால் மறுபடியும் குழந்தையின் உடம்பிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

நமக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றையும் பார்ப்போம். மரபணுச் சோதனை வந்துவிட்ட காலத்தில் தசையை யார் வெட்டுகிறார்கள் என்பார் உண்டு. சிறுவர்களைத் தாக்கும் டூஷென் தசைச் சிதைவு முதலியவற்றில் இன்று இரத்தச் சோதனையே முதலில் செய்யப்படுவது, பெரும்பாலும் அதிலேயே விடை கிடைப்பது, இரண்டும் உண்மை. சந்தோஷம். ஆனால் மரபணு ஏடு சில சமயம் 'இந்த எழுத்துப் பிழை தீங்கானதா அல்லவா என்று தெரியவில்லை' என்றே முடிகிறது. அப்போது தசையைத்தான் கேட்க வேண்டும். நமது குடியானவரின் மகளுக்கு நேர்ந்ததும் இதுதான். தசை அழற்சி வியாதிகள் மரபணுவில் எழுதப்பட்டவையே அல்ல. அவற்றில் சில மருந்துக்கு இணங்குபவை. இணங்கும் வியாதியை இணங்காததென்று கைவிடுவதும், இணங்காததற்கு ஆண்டுக்கணக்கில் கடுமருந்து கொடுப்பதும், சாட்சியைக் கேளாமல் எழுதிய தீர்ப்புக்கள்.

'படுக்கை இல்லை, வைத்தியர் போதவில்லை, இந்நிலையில் இந்த ஆடம்பரம் எதற்கு?' என்பது மற்றோர் ஆட்சேபம். இதில் நமக்கும் ஓரளவு அனுதாபம் உண்டு. கடமலை-மயிலை ஒன்றியத்து மலைக்குடிகள் சாதாரணக் காய்ச்சலுக்கே எவ்வளவு தூரம் இறங்கி வருகிறார்கள் என்பதை அறிவோம். ஆனால் ஆடம்பரம் எது? ஒருமுறை வெட்டி, வீணாக்கி, மறுமுறை வெட்டுவதுதான் ஆடம்பரம். முதல் தடவைக்கு இலவம் பஞ்சு விற்ற பணம் போயிற்று. இரண்டாம் தடவைக்கு அவர் ஆடுகளை விற்கப் போகிறார். பணமில்லாத காரணத்தால் எவருக்கும் தக்க வைத்தியம் கிட்டாமற்போகக் கூடாது என்று போர் கமிட்டி 1946-ல் எழுதி வைத்தது. பொதுஜன சுகாதாரத்தை மேம்படுத்துவது ராஜ்யத்தின் முதன்மையான கடமைகளில் ஒன்று என்று நமது அரசியல் சாசனத்தின் 47-ஆவது விதி கூறுகிறது. அவ்விதியைக் கொண்டு கோர்ட்டில் வழக்காட முடியாது என்பதை வக்கீல் என்ற முறையில் ஒப்புக்கொள்கிறோம். சட்டசபையில் வாதாட யாரும் தடையில்லை.

ஆகவே சுகாதார மந்திரிக்கும் மருத்துவக் கல்வி அதிகாரிகளுக்கும் நமது கோரிக்கை இது. ஜில்லாதோறும் ஸர்க்கார் மருத்துவக் கல்லூரியில் துணுக்கு உறைய வைக்கும் மேஜை ஒன்றை ஏற்படுத்துங்கள். அதற்குப் பொறுப்பாக ஒரு டெக்னிஷியனைப் பெயர் குறித்து நியமியுங்கள். தனியார் வைத்தியசாலைகள் எடுக்கும் துணுக்குகளையும் அங்கே கட்டணமின்றி உறைய வைத்துக் கொடுக்க உத்தரவிடுங்கள். நைட்ரஜனுக்குத் தனியாக டெண்டர் விட்டு ஒரு வருஷம் காத்திருக்க வேண்டாம். கால்நடை இலாகாவுக்கு அதைக் கொண்டுவரும் வண்டி அந்தந்த ஜில்லாவுக்குள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு இலாகாக்களின் காரியதரிசிகள் ஒரு நாள் மாலை ஒரே மேஜையில் உட்கார்ந்தால் அந்த வண்டி இன்னொரு வாசலிலும் நிற்கும். பயாப்ஸி எடுக்கும் அறைகள்தோறும், எந்தச் சந்தேகத்திற்கு எந்தச் சிமிழ் என்று தமிழில் எழுதிய ஒரு தாளைச் சுவரில் ஒட்டுங்கள்.

ஆண்டிபட்டி, கடமலைக்குண்டு பக்கத்து ஊழியர்கள் தங்கள் சட்டசபை அங்கத்தினரிடம் இதை எழுத்தில் கேட்டு, வரும் பதிலை நமக்கு அனுப்பினால் வெளியிடுவோம். அந்தப் பெண்ணுக்கு அடுத்த மாதம் மற்றொரு காலிலிருந்து தசை எடுக்கப் போகிறார்கள். இம்முறை உறைய வைக்கும் வசதியுள்ள இடத்தை முன்கூட்டியே விசாரித்து, டெலிபோனில் நேரமும் குறித்துக்கொண்டுதான் அவர் மயிலாடும்பாறையில் பஸ் ஏறுகிறார்.